ஒழுங்கையும் ஒரு விளக்கும்

மட்டக்களப்பிலிருந்து திருகோணமலைக்குச் செல்லும் பெருந்தெருவில், வாகரைக்கு வடக்கே, வெருகலை அடையுமுன் அமைந்த கடற்கரையூர் கதிரவெளி. பெருந்தெரு வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு. அதினின்று பிரிந்து வளவுகளுக்கிடையே செல்லும் ஒழுங்கைகளோ கோறளைப்பற்று வடக்குப் பிரதேச சபையைச் சார்ந்தவை. ஒழுங்கைக்குக் கிரவல் இடுவதா, பொதுக் கிணற்றைத் திருத்துவதா, தெருவிளக்கு நாட்டுவதா என்னும் வழக்கு எழுவது இங்கேதான்.

நகரத்தார் இதனைச் சிறு வழக்கென எண்ணுதல் கூடும். மாநகர சபைக்குக் கட்டடங்களும் கடைகளும் வரி தருகின்றன. மீன்பிடியையும் வயலையும் நம்பிய ஊரில் அத்தகைய கடைகள் எத்தனை? வருவாய் சுருங்கிய இடத்தில், ஒரு மூலையில் விளக்கை நாட்டுவது மற்றொரு மூலையை இருளில் விடுவதாகும். ஆதலால் அதனை முடிவு செய்பவர் யார் என்பதே பெரிய வினா.

2023 மார்ச்சு 9ஆந் திகதி நடக்கவிருந்த உள்ளூராட்சித் தேர்தல், திறைசேரியிற் பணமில்லை என்ற காரணத்தால் நின்றது. அம்மாதம் 19ஆந் திகதியோடு உறுப்பினரின் பதவிக்காலம் முடிய, சபையின் அதிகாரம் செயலாளரிடம் சென்றது. செயலாளர் நேர்மையாளராகவே இருக்கலாம். ஆயினும், வாக்குக் கேட்டு வந்தவரை மறித்து, “எங்கள் ஒழுங்கையை ஏன் விட்டீர்?” என்று கேட்பதுபோல் அவரைக் கேட்டல் இயலுமா? செலவைக் குறைப்பதற்காக, செலவைப்பற்றிப் பேசும் மன்றமே மூடப்பட்டது விந்தைதான்!

தேர்தலை நடத்தாமை அடிப்படை உரிமை மீறலென 2024 ஆகத்து 22ஆந் திகதி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வாக்களிப்பு நடந்ததோ 2025 மே 6ஆந் திகதி. இடையில் இரண்டு மாரிகள் கதிரவெளி ஒழுங்கைகளின்மேற் பெய்து போயின.