முட்காடு தரிசன்று



மதுரையினின்று உசிலம்பட்டி நோக்கியோ மேலூர் நோக்கியோ புறப்படுவார்க்குச் சாலையின் இருமருங்கும் தோன்றுவன உடையும் வேலும் உசிலையும் கள்ளியுமே. கோடையில் அவை இலையுதிர்ந்து, சாம்பல் நிறமேறி, உயிர் உள்ளதோ இல்லதோ என்று ஐயுறுமாறு நிற்கும். இத்தகைய நிலத்திற்கு அரசின் ஏடுகள் இட்ட பெயர் தரிசு. நடுவணரசு 2000ஆம் ஆண்டு முதல் பல பதிப்புகளாக வெளியிட்ட தரிசுநில வரைபடத் தொகுதியிலும் புதர்நிலம் தரிசின் ஒரு வகையாகவே எண்ணப்பட்டுள்ளது. பயனற்ற நிலம் என்று ஒருமுறை பெயரிட்டுவிட்டால், பின்பு அதனைத் தோண்டுதற்கும் விற்றற்கும் எவரும் கரணியம் கூற வேண்டுவதில்லை. அப்பெயர் பிழை. அம்முட்காடு மதுரையின் வானமும் மண்ணும் கூடி ஆக்கிய காடு.

தொல்காப்பியர் அகத்திணைக்கு முதல், கரு, உரி என மூன்று பொருள் வகுத்தார். நிலமும் பொழுதும் முதல். மரமும் புள்ளும் விலங்கும் பிறவும் கரு. பொழுது எனப்பட்டவற்றுள் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்னும் ஆறும் பெரும்பொழுதுகள். இன்னநிலம், இன்னபொழுது எனின் இன்னமரம் என்பது அவ்வரிசையிலேயே அமைந்து கிடக்கின்றது. மேலைநாட்டில் செருமானிய அறிஞர் அலெக்சாந்தர் வான் அம்போல்ட்டு 1807இல் நிலைத்திணையின் நிலப்பரவல் பற்றி நூல் எழுதி, மலையின் உயரத்திற்கேற்ப மரஞ்செடிகள் மாறுவதைப் படமாக்கினார். கோப்பென் என்பார் 1884 முதல் உலகத்தின் தட்பவெப்பத்தை வகைப்படுத்தியபோது, எங்கு என்ன மரம் வளர்கின்றது என்பதையே எல்லைக் குறியாகக் கொண்டார். இதனால் தொல்காப்பியர் நிலைத்திணை அறிவியல் எழுதினார் என்று மிகைபடப் பேசுவார் உளர், அது வேண்டா. அவர் எழுதியது செய்யுட்கு இலக்கணம். ஆயினும், செய்யுட்கு இலக்கணம் வகுத்தவரும் மழையையும் மரத்தையும் பிரித்துப் பார்க்கவில்லை என்பதே போதிய பெருமையாம்.

இனி, வெப்பம் மட்டுமே காட்டை ஆக்குவதில்லை என்பதற்கு ஒரு சான்று காண்க. மதுரை நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறத்தாழ 10 பாகையில் உள்ளது. நடு அமெரிக்காவின் பனாமா நாட்டிலுள்ள பாரோ கொலராடோ என்னும் தீவு 9 பாகையில் உள்ளது. கதிரவன் ஈரிடத்தும் ஏறக்குறைய ஒத்தே காய்கின்றான். உறைபனியில் மரம் பட்டுப்போதல் ஈரிடத்தும் இல்லை. ஆயின் அத்தீவில் ஆண்டு மழை ஏறத்தாழ 2,600 மில்லிமீட்டர். மதுரையில் 850 அளவே. 1980களின் தொடக்கத்தில் அத்தீவில் 50 எக்டேர் காட்டை அளந்து, ஒரு செண்டிமீட்டர் பருமனுள்ள கன்று முதலாக ஒவ்வொரு மரத்தையும் எண்ணினர். கிடைத்தவை ஏறத்தாழ 300 இனங்கள். நீலமலைச் சாரலில், 1,200 மில்லிமீட்டர் அளவே மழை பெறும் முதுமலையில், அதே பரப்பை அதே முறையில் 1988இல் இந்திய அறிவியற் கழகத்தார் எண்ணத் தொடங்கியபோது கிடைத்தவை ஏறத்தாழ 70. மலேசியாவின் சரவாக்கு மாநிலத்தில், மழையில்லாத பருவம் என ஒன்றே இல்லாத இலாம்பிர்க் காட்டில், 52 எக்டேரில் ஏறத்தாழ 1,200 இனங்கள்!

மழை மிகின் இனம் மிகுவது ஏன்? வறட்சி ஒரு சல்லடை. ஆறு திங்கள் நீரின்றி நிற்கவல்ல கன்றுகளே அதனுள் தங்கும். ஏனையவை முதற் கோடையிலேயே மடியும். ஈரக்காட்டில் அச்சல்லடை இல்லை. அன்றியும், ஈரத்தில் பூஞ்சையும் பூச்சியும் செழிக்கும். தாய்மரத்தின் அடியில் விழுந்த விதையை அத்தாய்மரத்தின் நோய்களே தாக்கும். தொலைவில் விழுந்த விதையோ தப்பும். ஆகலின் ஓரினமே ஓரிடத்தை முற்றும் கைப்பற்ற இயலாமற்போக, இடையிடையே பிற இனங்கள் புகும். சான்சன், கானல் என்னும் இருவர் 1970, 1971ஆம் ஆண்டுகளில் தனித்தனியே வெளியிட்ட கருத்து இது. எனினும் மழையொன்றே எல்லாம் என்றும் கொள்ளற்க. ஈழத்துச் சிங்கராசக் காட்டில் இலாம்பிரினும் மழை மிகுதி; ஆயின் 25 எக்டேரில் 200 இனங்கள் அளவே உள்ளன. தீவாய்ப் பிரிந்துநின்ற நிலத்திற்கு விதை வந்துசேரும் வழி குறைவு என்பதும் கணக்கிற் சேரும்.

மதுரைக்கு மழை குறைந்ததன் கரணியம் மேற்கே நிற்கும் மலை. தென்மேற்குக் காற்று தன் நீரை மேற்குத் தொடர்ச்சி மலையின் அப்பாலே பெரிதும் இறக்கிவிடுகின்றது. ஆடியில் மதுரை பெறுவது காற்றும் புழுதியும். ஆவணி, புரட்டாசியில் இடியுடன் சில மழை. ஐப்பசி, கார்த்திகையிற்றான் பெருமழை. தை பிறந்த பின் நிலம் காயத் தொடங்கும். இச்சிறுமழைக்கும் நெடுங்காய்ச்சலுக்கும் ஏற்ப வாழ்வன இங்குள்ள மரங்கள். இனங்களின் எண்ணிக்கை குறைவாயினும் அவை பிழைக்கும் வழிகள் பல. உசிலையின் இலை மிகச் சிறு சிற்றிலைகளாகப் பிளவுண்டிருத்தலின் வெயிலில் விரைவிற் சூடேறுவதில்லை; வறட்சி மிகின் அவ்விலைகளையும் உதிர்த்துவிடும். அவ்விலையைப் பொடித்ததே தமிழ்நாட்டுப் பெண்டிர் தலைக்குத் தேய்க்கும் அரப்பு. உசிலம்பட்டிக்குப் பெயர் தந்ததும் அம்மரமே. உடை குடைபோற் கவிந்து தன் அடியைத் தானே நிழலாக்கும். அதன் காய் ஆட்டிற்கு உணவு. கள்ளியோ பகலில் தன் நுண்துளைகளை மூடிக்கொண்டு, குளிர்ந்த இரவில் திறந்து கரிவளியை உட்கொண்டு, மறுபகலில் அதனை உணவாக்கும். ஆகலின் அது இழக்கும் நீர் சிறிது. இவ்வளவு நுட்பமாக வாழும் உயிர்களின் நிலத்தைப் பயனற்றது என்பார் அரப்பையும் ஆட்டையும் அறியாதாரே.

மதுரைக்கு மழை தரும் அதே வடகிழக்குக் காற்றே ஈழத்து வன்னிக்கும் மழை தருகின்றது. ஆங்கும் நெடுவறட்சி உண்டு. ஆயின் ஆங்குள்ள பாலை என்னும் மரம் இலையுதிர்ப்பதில்லை. தடித்த, தோல்போன்ற இலைகளால் நீரைக் காத்துக் கோடையிலும் பசுமையாய் நிற்கும். அதன் இனிய பழத்தை வன்னித் தமிழர் இன்றும் உண்பர். ஒரே வறட்சிக்கு உசிலை ஒரு விடை, பாலை மற்றொரு விடை. அகத்திணைப் பாலைக்கு அம்மரமே பெயர் தந்ததா, வேறு பாலையா என்பதில் அறிஞர் ஒருமித்திலர். ஆனால், பாலை என்பது தனிநிலம் அன்று, வானம் பொய்த்து வெயில் முறுகியவழி முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு இழந்து எய்தும் நிலையே என இளங்கோவடிகள் சிலப்பதிகாரத்தில் தெளிவுறுத்தினார். அதுவும் கோவலன் மதுரைக்கு வரும் வழியை விரிக்கும் இடத்திலேயே!

பொழுது ஒன்றாயினும் நிலம் மாறின் மரமும் மாறும். ஓராயிரம் மீட்டர் ஏறின் வெப்பம் ஏறத்தாழ ஆறரைப் பாகை குறையும். மதுரைக்கு வடக்கே சிறுமலையில் மலைவாழை விளைவது அதனாலேயே. அழகர்மலையிலோ சரிவில் முட்புதர். ஓடையோரத்தில் இலையுதிராப் பெருமரங்கள். அவ்வோடைக்கு இன்று வழங்கும் பெயர் நூபுர கங்கை. சிலம்பாறு என்னும் செந்தமிழ்ப் பெயரை மொழிபெயர்த்து மேலேற்றிய பெயர் அது. மரத்தைப் பெயர்த்து நட்டால் கண்ணுக்குத் தெரிகின்றது, பெயரைப் பெயர்த்தால் தெரிவதில்லை. இன்னும் மேலே, பழனிமலைத் தொடரின் கோடைக்கானலில், பள்ளங்களில் அடர்ந்து நிற்கும் காட்டைத் தமிழர் சோலை என்றனர். ஆங்கில நிலைத்திணை நூலார்க்கு அதற்கு ஒரு சொல் கிடையாமையின், சோலை என்பதையே சற்றுத் திரித்து உலகெங்கும் வழங்குகின்றனர். கீழே வையைக் கரையில் நீர்விரும்பும் மருதம். மதுரையை மருதை என்றே சொல்லும் ஊர்ப்புறத்தார் நாவில் அம்மரம் இருக்கின்றது என்பாரும் உளர்.

ஒருநிலத்துப் பூ பிறநிலத்தும் வரும் என்று தொல்காப்பியம் இடந்தந்துள்ளது. சீமைக்கருவேலின் வரவை அவ்வகையில் அடக்குதல் இயலாது. அமெரிக்க வறள்நிலங்களுக்கு உரிய அது, 19ஆம் நூற்றாண்டில் மாந்தரால் இந்தியாவிற்குக் கொண்டுவரப்பட்டது. தன் தாய்நிலத்தை ஒத்த வறட்சி இங்கு வாய்த்தது. அதனைக் கட்டுப்படுத்தும் பகை உடன்வரவில்லை. ஆழ வேர்விட்டுக் கண்மாயுள்ளும் புகுந்தது. வேலிக்கும் விறகிற்கும் ஏழை மக்கள் அதனை நம்பியிருத்தலின் ஒரே நாளில் அழிப்போம் என்பதும் வெறும்பேச்சு. அதனை அகற்றும் முனைப்பில் நாட்டு உடையையும் வேலையும் சேர்த்து வெட்டிவிடுவதும், முட்காட்டை அழித்துவிட்டு அயல்மரங்களை வரிசையாக நட்டு அதற்குப் பசுமையாக்கம் எனப் பெயரிடுவதும் பெருங்கேடு.

உலகம் வெப்பமேறி வருவதால் குளிர்நிலச் செடிகள் மேன்மேலும் மலையேற வேண்டியுள்ளன; உச்சியில் நிற்கும் சோலைக்கு அதற்குமேல் ஏற இடமில்லை. சமவெளியிலோ காய்ச்சலைத் தாங்கிப் பழகிய மரங்கள் முன்னரே நிற்கின்றன. நாளைய வெயிலுக்கு வேண்டும் விதை அங்கே இருக்கின்றது.

மேலூர்ப் பக்கத்து அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஊர்களில் 193 எக்டேர் நிலத்தைத் தமிழ்நாட்டரசு 2022 நவம்பரில் மாநிலத்தின் முதற் பல்லுயிர் மரபுக் களமாக அறிவித்தது. பழந்தமிழ்க் கல்வெட்டும் பாண்டியர் குடைவரையும் உள்ள குன்றுகள் அவை. ஈராண்டு கழித்து, 2024 நவம்பரில், அவ்விடத்தையும் உள்ளடக்கிய ஏறத்தாழ 2,015 எக்டேர் நிலத்தை டங்சுடன் என்னும் மாழை தோண்டுதற்கு நடுவணரசு ஏலத்தில் விட்டது. சட்டமன்றம் திசம்பரில் எதிர்த்துத் தீர்மானம் இயற்றியது. 2025 சனவரி 7இல் உழவர்கள் நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைக்கு நடந்து வந்தனர். அத்திங்கள் 23ஆம் நாள் ஏலம் நீக்கப்பட்டது. அதே ஆண்டில், நத்தம் அருகே காசம்பட்டியிலுள்ள வீரகோயிற்காடு, ஏறத்தாழ 5 எக்டேர், இரண்டாம் மரபுக் களமாயிற்று. ஏலத்தில் விடப்பட்ட 2,015 எக்டேரில் மரபுக் களத்தினுள் அடங்கக்கூடியது மிகுதியாயின் 193; எஞ்சிய 1,800 எக்டேருக்கு மேற்பட்ட நிலம் அவ்வெல்லைக்கு வெளியே உள்ளது.