பெயரும் தேதியும்



ஓவியச் சிகிச்சை பற்றி வானொலியில் பேசச் சொல்லியிருக்கிறார்கள். கிடைத்த சில நிமிடங்களில் சிகிச்சை முறைகளை வகை பிரித்துச் சொல்லிக்கொண்டிருந்தால் நீங்கள் பாட்டு போடும் நிலையத்துக்கு மாறிவிடுவீர்கள். அதனால் ஒரே ஊர், ஒரே மருத்துவர், அங்கே படம் வரைந்த சிலர், அவ்வளவுதான். நடுநடுவே என் சொந்தக் கதையும் தலைகாட்டும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஊர் பிரேசிலில் இருக்கிறது. ரியோ டி ஜெனிரோவின் புறநகரான எஞ்ஜெனியோ டி டென்ட்ரோ. அங்கே அரசு மனநல மருத்துவமனை ஒன்று. 1944-இல் அங்கே பணிக்கு வந்த பெண் மருத்துவரிடம், மூத்த மருத்துவர் ஒருவர் மின் அதிர்ச்சிக் கருவியை இயக்கிக் காட்டுகிறார். ஒரு நோயாளி துடித்து அடங்குகிறார். அடுத்தவரைக் கொண்டுவந்து படுக்கவைத்து, இப்போது நீங்கள் பொத்தானை அழுத்துங்கள் என்கிறார். அந்த அம்மா, அழுத்த மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

அவர் பெயர் நீசே ட சில்வெய்ரா. 150-க்கும் மேற்பட்ட ஆண்களுக்கு நடுவே ஒரே பெண்ணாக மருத்துவம் படித்து, 1926-இல் பட்டம் வாங்கியவர். மார்க்சியப் புத்தகம் வைத்திருக்கிறார் என்று ஒரு செவிலியர் காட்டிக்கொடுக்க, 1936-இல் கைதாகி ஓராண்டுக்கும் மேல் சிறையில் இருந்தார். நாவலாசிரியர் கிராசிலியானோ ராமோஸ் அதே சிறையில் இருந்தவர். தம் சிறை நினைவுகளில் இவரைப் பற்றியும் எழுதியிருக்கிறார். கதவை வெளியிலிருந்து பூட்டினால் உள்ளே இருப்பவருக்கு எப்படி இருக்கும் என்பது இந்த டாக்டருக்குப் பாடப்புத்தகம் சொல்லித் தெரிந்ததில்லை.

சொன்னதைச் செய்யாத டாக்டரை எங்கே போடுவார்கள்? யாரும் சீந்தாத பிரிவுக்குத்தான். தொழில்வழிச் சிகிச்சை என்று பலகை தொங்கும். உள்ளே நோயாளிகள் தரை கூட்டிக்கொண்டிருப்பார்கள். அந்தப் பிரிவில்தான் 1946-இல் நீசே ஓர் ஓவியக்கூடம் திறந்தார். அதே மருத்துவமனையில் வேலை பார்த்த அல்மீர் மவின்யே என்ற இளம் ஓவியர் துணைக்கு வந்தார். தாள், தூரிகை, வண்ணம், களிமண் எல்லாம் வைத்தார்கள். இப்படி வரை, அப்படி வரை என்று யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. பக்கத்தில் அன்பாக ஒருவர் இருப்பார். அந்த அன்பே ஒருவர் குணமாவதற்குத் தூண்டுகோல் என்பது நீசேயின் கொள்கை.

எமிக்டியோ டி பாரோஸ் அந்த அறைக்குள் வந்தபோது ஆஸ்பத்திரியில் 23 ஆண்டுகள் கழிந்திருந்தன. கடற்படைப் பட்டறையில் மெக்கானிக்காக இருந்தவர், தொழில் பழகப் பிரான்சுக்கே அனுப்பப்பட்டவர். இனி இவரிடம் ஒன்றும் மிச்சமில்லை என்று எழுதிவைத்துவிட்ட கேஸ். அவர் வரைந்த படங்களைப் பார்த்து பிரேசிலின் பெரிய கலை விமர்சகர் மாரியோ பெட்ரோசா அசந்து போனார்.

சொல்லிக்கொடுக்காமல் சும்மா உட்காருவது லேசு என்று நினைக்காதீர்கள். தெருவிலிருந்தும் ரயில் நிலையத்திலிருந்தும் மீட்கப்பட்ட பெண்கள் தங்கும் காப்பகம் ஒன்றுக்கு வாரந்தோறும் வண்ணப்பெட்டியோடு போகிறேன். ஒருநாள் உளவியல் படிக்கும் மாணவிகள் சிலர் கூட வந்திருந்தார்கள். ஓர் அம்மா தாள் முழுக்க, ஓரம்கூட மிச்சமில்லாமல், கறுப்பு கிரேயானைத் தேய்த்துக்கொண்டிருந்தார். மாணவிகளின் பேனா ஓட ஆரம்பித்துவிட்டது. துயரம், அடக்கிவைத்த கோபம் என்று என்னென்னவோ குறித்துக்கொண்டார்கள். நான் மெல்லக் கேட்டேன். "எருமைம்மா. இதை வேற எந்தக் கலர்ல போடச் சொல்றே?" என்றார். கொம்பு எங்கே என்றேன். "அது தாளுக்கு வெளியே இருக்கு" என்றார். அதன்பிறகு அரைமணி நேரம் வேளைக்கு எத்தனை லிட்டர், பால் சொசைட்டிக்காரர் அளவில் எப்படி ஏமாற்றுவார், கன்று போட்ட ராத்திரி என்ன நடந்தது என்று ஒரே பேச்சு. காப்பகத்தில் அவர் அவ்வளவு பேசி யாரும் கேட்டதில்லையாம். பேனாக்கள் நின்றுவிட்டன.

நிற்க. எஞ்ஜெனியோவுக்குத் திரும்புவோம். அங்கே நடந்ததில் என்னை மிகவும் கவர்ந்த விஷயத்தை இன்னும் சொல்லவில்லை. நீசே ஒரு தாளைக்கூடத் தூக்கிப் போடவில்லை. கிறுக்கலாக இருந்தாலும் சரி. வரைந்தவர் பெயரும் தேதியும் குறித்து, ஒருவருடைய படங்களை ஒரே வரிசையாக அடுக்கிவைத்தார். 1952-இல் அதற்கென்று ஓர் அருங்காட்சியகமே வந்தது. ஆழ்மனப் படிமங்களின் அருங்காட்சியகம் என்று பெயர். இன்று அங்கே மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட படைப்புகள் இருக்கின்றன.

வரிசையாக வைத்ததால் என்ன தெரிந்தது? ஃபெர்னாண்டோ டினிஸ் என்று ஒருவர். கறுப்பினத்தவர், ஏழை. அம்மா தையற்காரி, பெரிய வீடுகளுக்குத் தைக்கப் போகும்போது மகனையும் கூட்டிப்போவார். அந்த வீட்டுக் கூடங்கள் பையன் கண்ணில் ஒட்டிக்கொண்டன. ஓவியக்கூடத்தில் முதலில் அவர் வரைந்ததெல்லாம் ஒன்றின்மேல் ஒன்று விழுந்த குவியல். பிறகு நாற்காலி, விளக்கு, பியானோ, தரை என ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பிரித்து எடுத்தார். கடைசியில் எல்லாம் அதனதன் இடத்தில் நிற்கும் ஒரு முழுக் கூடம் வந்தது. ஒரு தாளை மட்டும் பார்த்தால் யாரோ பியானோ வரைந்திருக்கிறார் என்று போய்விடுவோம். அடுக்கிப் பார்த்தால்தான், சிதறிப்போன உலகத்தை ஒரு மனிதர் தானே எடுத்துக் கட்டியது தெரியும். அவர் பின்னாளில் மார்கோஸ் மகல்யாயிஸ் என்ற இயக்குநரோடு சேர்ந்து ஓர் அனிமேஷன் படமே எடுத்தார். 1996-இல் வந்த அதன் பெயர் 'எட்டுமுனை நட்சத்திரம்'.

எல்லாருக்கும் அப்படி வாய்க்கவில்லை. களிமண்ணில் போர்வீரர்களைச் செய்த லூசியோ நோமனுக்கு, நீசே தடுத்தும் கேளாமல், மூளை நரம்பை அறுக்கும் லோபோடமி செய்துவிட்டார்கள். முன்னால் செய்த சிலையையும் பின்னால் செய்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும், வேறு சாட்சி வேண்டாம். 1949-இல் சாவோ பாவ்லோ நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இந்த ஆஸ்பத்திரியின் ஒன்பது கலைஞர்களுக்குக் கண்காட்சி நடந்தது. லோபோடமியைக் கொண்டுவந்த போர்ச்சுக்கல் மருத்துவருக்கு நோபல் பரிசு கிடைத்ததும் அதே ஆண்டில்தான்!

சுவிட்சர்லாந்தின் உளவியலாளர் கார்ல் யுங்குடன் நீசே கடிதத் தொடர்பு வைத்திருந்தார். 1957-இல் சூரிச்சில் நடந்த இந்தப் படங்களின் கண்காட்சியை யுங்கே திறந்துவைத்தார். படத்தில் வந்த வட்டங்களுக்கும் பூக்களுக்கும் புராண விளக்கம் தேடுவதில் இருவருக்கும் ஆர்வம் அதிகம். எனக்கு அதில் அவ்வளவு ஈடுபாடு இல்லை. ஏன் என்பதற்கு எருமையே சாட்சி.

நீசே ஒரு தாளையும் விடாமல் சேர்த்துவைத்த கதையைப் படித்த பிறகுதான் நானும் எதையும் தூக்கிப் போடாமல் எடுத்துவைக்கத் தொடங்கினேன். அப்படித்தான் ஒரு திருநங்கை வரைந்த படம் என்னிடம் இருந்தது. தமிழ்நாட்டில் 2008-இலேயே திருநங்கையர் நல வாரியம் வந்துவிட்டது. ஆனாலும் பெற்றவர் வீட்டு அட்டையிலிருந்து பேரை எடுத்துத் தனி ரேஷன் அட்டை வாங்குவதற்குள் பலருக்குச் செருப்பு தேய்ந்துவிடும். இவர் அலைந்து அலுத்தவர். அட்டையைத் தானே வரைந்துவிட்டார்! வளையலை வைத்து வட்டம் போட்டு முத்திரை. குடும்பத் தலைவர் என்ற இடத்தில், தான் வைத்துக்கொண்ட பெயர். கீழே, தன்னைத் தத்தெடுத்த அம்மா, தான் தத்தெடுத்த மகள்கள். புகைப்படக் கட்டத்தில் தன் முகம். சேலை நிறம் மட்டும் பிடிக்காமல் மாற்றி மாற்றிப் பூசி, அந்த இடத்தில் தாளே தடித்துப்போயிருந்தது. முகவரி வரியில் "டீக்கடைக்கு எதிரே". அப்போது சிரித்துக்கொண்டே கொடுத்துவிட்டுப் போனார். மாதங்கள் கழித்து வந்து, "அக்கா, அந்த அட்டை இருக்கா?" என்று கேட்டு வாங்கி, லேமினேட் செய்து வீட்டில் மாட்டிக்கொண்டார். நிஜ அட்டை வந்ததா என்று கேட்பீர்கள். இன்னும் அலைந்துகொண்டுதான் இருக்கிறார்.

நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். வீட்டுக்குப் போனவர்கள் திரும்பத் திரும்ப ஆஸ்பத்திரிக்கே வருவதைப் பார்த்து 1956-இல் நீசே தொடங்கிய பகல்நேர இல்லம், ஓவியக்கூடத்துக்குள் அவர் வளைய வரவிட்ட நாய், பூனைகள் எல்லாம் அடுத்த வாய்ப்பில்.

ஒரே ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர்க் காப்பகத்துக்கு வண்ணப்பெட்டி வாங்கிக் கொடுப்பதென்றால் புதிதாக வாங்கிக் கொடுங்கள். பிள்ளைகள் உடைத்துப் போட்ட மிச்சம் வேண்டாம். வரைந்தவரைக் கேட்காமல் படத்தை போனில் எடுத்து வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். கறுப்பு மட்டும் ஒன்றுக்கு இரண்டாக இருக்கட்டும். எருமைக்காரம்மாவுக்கு ஒன்று பத்தாது.