மருத்துவம் படிக்க எங்கே போவது?

(பழைய மாணவிகள் சங்கம் உயர்தர உயிரியல் பிரிவு மாணவிகளுக்கும் பெற்றோருக்கும் நடத்திய வழிகாட்டல் நிகழ்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





இன்று மேடை ஏறியிருப்பது ஒருவர்தான். ஆனாலும் ‘நாங்கள்’ என்றே பேசப்போகிறோம். எங்கள் தொகுதியிலிருந்து மருத்துவ பீடம் போன நால்வரும் சேர்ந்து எழுதிய பேச்சு இது.

மருத்துவ பீட நேர்முகப் பரீட்சைக்கு எப்படித் தயாராவது என்று பேசும்படி சங்கம் கேட்டது. பிள்ளைகள் எழுதித் தந்த கேள்விகளிலும் பாதி அதுவாகத்தான் இருந்தது. இணையத்தில் இங்கிலாந்துக்காரரின் வீடியோக்களைப் பார்த்த பயம் போலிருக்கிறது. நமது நாட்டு அரச மருத்துவ பீடங்களில் அப்படியொரு நேர்முகப் பரீட்சை கிடையாது. நீங்கள் யார், ஏன் டாக்டராக வர விரும்புகிறீர்கள் என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். மூன்று பாடங்களின் இசட் புள்ளி, உங்கள் மாவட்டம், நீங்கள் எழுதிய விருப்பு வரிசை, இவ்வளவையும் வைத்தே இடம் தீர்மானமாகிறது.

இசட் புள்ளி 2001ஆம் ஆண்டு அனுமதியில் நடைமுறைக்கு வந்தது. அந்தப் பாடத்தில் எல்லோருடைய சராசரியிலிருந்து உங்கள் புள்ளி எவ்வளவு தூரம் விலகி நிற்கிறது என்பதுதான் அதன் கணக்கு. வெட்டுப்புள்ளி தசமத்துக்குப் பின் நான்கு இலக்கம் வரை போகும். அந்த நான்காவது இலக்கத்தில் வாழ்க்கை மாறிய பிள்ளைகள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள். இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைப்படி, 55 வீதம் மாவட்ட அடிப்படையில், மீதி 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாக. அம்பாறை அந்தப் பதினாறில் ஒன்று. ஆனால் மாவட்டப் பட்டியல் ஒன்றுதான். கல்முனை, நிந்தவூர், பொத்துவில் பிள்ளைகளும் உகண, தெஹியத்தகண்டிய பிள்ளைகளும் அதே பட்டியலில்தான் நிற்கிறார்கள்.

மாவட்ட ஒதுக்கீடு 1974இல் வந்தது. யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்கு அது எவ்வளவு பெரிய இழப்பாகத் தெரிந்தது என்பதை, பிறகு அங்கே படிக்கப்போன எங்கள் தோழி அவர்கள் வாயாலேயே கேட்டிருக்கிறார். நமது கரையோர ஊர்களில் எத்தனையோ வீட்டுக்கு முதல் டாக்டரைத் தந்ததும் அதே ஒதுக்கீடுதான். இரண்டையும் தெரிந்து வைத்திருங்கள்; வளாகத்தில் யாராவது ‘நீங்கள் கோட்டாவில் வந்தவர்கள்’ என்று சொல்லும் நாள் வரும்.

இனி விருப்பு வரிசை. நமது வீடுகளில் பிள்ளை இரண்டு வருடம் கண்விழித்துப் படிக்கிறது. படிவத்தை மாமா, சாச்சா, டியூஷன் சேர் எல்லோரும் கூடி ஓர் இரவில் நிரப்புகிறார்கள். ‘காலி வேணாம், தூரம். யாழ்ப்பாணம் வேணாம், பயம். மட்டக்களப்பைப் போடு, ஒரு மணித்தியாலத்தில் வந்திடலாம்.’ இப்படிப் பீடங்களை வெட்டிக்கொண்டே போனால் என்ன நடக்கும்? உங்கள் புள்ளிக்குக் காலியில் இடம் இருந்திருக்கும். நீங்கள் அதைக் கேட்கவே இல்லை. மருத்துவம்தான் வேண்டும் என்றால் எல்லா மருத்துவ பீடங்களையும் எழுதி முடித்துவிட்டே அடுத்த கற்கைநெறிக்குப் போங்கள். எது முதலில், எது கடைசியில் என்பதைப் பிறகு வீட்டில் சண்டை பிடிக்கலாம்.

நாங்கள் விண்ணப்பித்த காலத்தில் கொழும்பு, பேராதனை, யாழ்ப்பாணம், றுகுணு, களனி, ஸ்ரீ ஜயவர்தனபுர என ஆறு பீடங்கள்தான். மட்டக்களப்பில் அப்போது இல்லை. இப்போது பத்துக்கும் மேல். எங்களில் இருவர் பேராதனைக்கும் ஒருவர் யாழ்ப்பாணத்துக்கும் ஒருவர் காலிக்கும் போனோம். யாழ்ப்பாணம் கிடைத்த தோழி வீட்டில் மூன்று நாள் ஒருவரும் சரியாகச் சாப்பிடவில்லை. 1990இல் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டு அப்போது பன்னிரண்டு வருடம்தான். 2002இல் ஏ-9 பாதை திறந்த பிறகு வாப்பாவே கூட்டிப்போய் விட்டுவந்தார். தமிழில் நோயாளியோடு பேசிப் படித்ததால் வைத்தியசாலைப் பயிற்சி தொடங்கிய நாளிலிருந்தே அவருக்குப் பாஷைக் கஷ்டம் இருக்கவில்லை. காலிக்குப் போனவருக்கு நேர்மாறு. விரிவுரை ஆங்கிலத்தில், கராப்பிட்டிய ஆஸ்பத்திரியில் நோயாளி சிங்களத்தில். ‘கொஹெத ரிதென்னே’, எங்கே நோகுது, என்று கேட்கப் பழகியபோது அவருக்குப் பத்தொன்பது வயது இல்லை, இருபத்திரண்டு. முதல் வருடத்திலேயே பழகியிருக்கலாம் என்கிறார். ஆனால் இன்று நாட்டின் எந்த ஆஸ்பத்திரிக்கு இடமாற்றம் வந்தாலும் கலங்காதவர் எங்களுக்குள் அவர்தான்.

பீடத்தின் பெயரைப் பற்றி உம்மாமார் ரொம்பக் கவலைப்படுகிறீர்கள். இறுதிப் பரீட்சைக்குப் பிறகு அரச பீடங்களுக்குப் பொதுவான தரவரிசை ஒன்று வருகிறது. அதன்படிதான் உள்ளகப் பயிற்சிக்கு ஆஸ்பத்திரி தெரிவு செய்கிறோம். பிறகு விசேட வைத்திய நிபுணராக வேண்டுமானால் பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தின் பரீட்சையும் எல்லோருக்கும் ஒன்றே. ஆகவே விடுதி எப்படி, மொழி எப்படி, சுகமில்லாமல் வந்தால் பக்கத்தில் யார், இவற்றை வைத்து வரிசைப்படுத்துங்கள். பெயர் அதற்குப் பிறகு வரட்டும்.

வெளிநாட்டைப் பற்றி கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நமது ஊரில் மகளுக்கு வீடு கட்டிக் கொடுப்பது வழக்கம். வெளிநாட்டுப் படிப்புக்குப் போகும் காசு பெரும்பாலும் அந்த வீட்டுக் காசுதான். சில வேளை காணியும் சேர்ந்து போகிறது. ஆகவே முகவர் காட்டும் வண்ணப் புத்தகத்தை நம்பிக் கையெழுத்து வைக்காதீர்கள். அந்தப் பல்கலைக்கழகத்தை இலங்கை மருத்துவ சபை இன்றைக்கு ஏற்றிருக்கிறதா என்பதைச் சபையிடமே கேளுங்கள், முகவரிடம் கேட்காதீர்கள். உங்கள் உயர்தரப் பெறுபேறு சபை கேட்கும் குறைந்தபட்சத் தகுதிக்குப் போதுமா என்றும் அங்கேயே விசாரியுங்கள். வகுப்பு ஆங்கிலத்தில் என்பார்கள். வார்ட்டில் நோயாளி சீனத்திலோ ரஷ்யனிலோ பேசினால் என்ன செய்வீர்கள்? வங்காளதேசத்துக்குப் போன நமது பிள்ளைகள்கூட வங்காளி பழகியே நோயாளியோடு பேசினார்கள். பட்டத்தோடு திரும்பி வந்தாலும் ஈ.ஆர்.பி.எம். பரீட்சை இருக்கிறது, நாங்கள் ‘ஆக்ட் 16’ என்று கேள்விப்பட்ட அதே பரீட்சை. அதில் சித்தியடையாமல் இங்கே வைத்தியம் பார்க்க முடியாது. செலவையும் ரூபாயில் கணக்குப் போடாதீர்கள். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து சில மாதங்களில் 360 அளவுக்கு ஏறியபோது, படிப்பின் நடுவில் நின்ற பிள்ளைகளின் வீடுகளில் நடந்ததை நாங்கள் பார்த்தோம்.

நேர்முகப் பரீட்சை வருவது இப்படியான வழிகளில்தான்: சில வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள், புலமைப்பரிசில்கள், இங்கே கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகம். கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகம் 2000களின் தொடக்கத்தில் ஒரு முறையை உருவாக்கியது. மாணவர் அறை அறையாகப் போவார்; ஒவ்வொரு அறையிலும் எட்டு நிமிடம், ஒரு பிரச்சினை. இன்று பல நாடுகளில் அதுதான். நமது ஊருக்கு ஏற்ற கேள்வி ஒன்றை நாங்களே செய்து பார்த்தோம். கணவர் கட்டாரில். மனைவிக்கு உடனே சிசேரியன் செய்ய வேண்டும். மாமியார், ‘மகனிடம் கேட்டுப்போட்டுச் சொல்றோம்’ என்கிறார். போன் கிடைக்கவில்லை. நீங்கள் என்ன செய்வீர்கள்?

சம்மதம் தர வேண்டியவர் கட்டிலில் படுத்திருக்கும் அந்தப் பெண். அவருக்கு விளங்கும்படி அவரிடம் சொல்லி, அவர் சம்மதத்தைப் பெற வேண்டும். மாமியாரையும் வெளியே தள்ளாமல் இருத்திப் பேச வேண்டும், வீட்டுக்குப் போனபின் பிள்ளையையும் தாயையும் பார்ப்பவர் அவர். இதை மனப்பாடம் செய்ய முடியாது. வீட்டில் நோயாளி இருந்தால் பக்கத்தில் இருந்து பாருங்கள். கிளினிக்குக்கு உம்மம்மாவைக் கூட்டிப்போங்கள். ‘சேவை செய்ய விரும்புகிறேன்’ என்று சொன்னால், ‘அப்படியானால் ஏன் தாதியாகக் கூடாது?’ என்று திருப்பிக் கேட்பார்கள். நேர்முகப் பரீட்சை இல்லாத பிள்ளைகளும் இந்தக் கேள்விக்கு ஒரு பதில் யோசியுங்கள். பதில் வராவிட்டால் தாதியியல், மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம், மருந்தாக்கவியல், யூனானி எல்லாம் கைநூலில் இருக்கின்றன. வெட்டுப்புள்ளி தவறியவர்களுக்கான மிச்சமாக மட்டும் அவற்றைப் பார்க்கிறோம். ஆய்வுகூடம் இல்லாமல் எங்களுக்கு ஒரு நாள் ஓடாது.

பெறுபேறு வந்து மானியங்கள் ஆணைக்குழு விண்ணப்பம் கோரியதும், அந்த வார வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு எங்களில் இருவர் கல்லூரி நூலகத்தில் இருப்போம். கைநூலையும் பென்சிலையும் கொண்டு வாருங்கள். மாமாவும் வரலாம். வரிசையை எழுதுவது மட்டும் பிள்ளையின் கையாக இருக்கட்டும்.