கல்லறை இல்லாதவர்களை மறவாத தாத்தா

(ஜூபிலி விழாவையொட்டி நடந்த மறைந்த பெரியோர் நினைவுக் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



நம்மை விட்டுப் பிரிந்த பெரியோரை நினைவுகூர இங்கே கூடியிருக்கிறோம். அவர்களுள் ஒருவரைப் பற்றி நான் பேச வேண்டுமென்று அன்னாரின் பேரப்பிள்ளைகள் கேட்டுக்கொண்டார்கள். அவர்களுக்கு மட்டுமா அவர் தாத்தா? இந்தக் கடற்கரைத் தெருக்களிலுள்ள பிள்ளைகள் எல்லாருக்குமே அவர் 'நேவி தாத்தா'தான்.

1966-ஆம் ஆண்டு, தமது 18-ஆம் வயதில் அவர் இந்தியக் கடற்படையில் சேர்ந்தார். கட்டுமரத்தில் துடுப்பு வலித்த கை, லோனாவ்லாவிலுள்ள 'ஐ.என்.எஸ். சிவாஜி' பயிற்சி நிலையத்தில் எந்திர வேலை பழகிற்று. பின்பு நம் நாட்டின் முதல் விமானந்தாங்கிக் கப்பலாகிய 'விக்ராந்'த்தில் ஸ்டோக்கராகப் பணியாற்றினார். பாய்லர் அறையில் நின்று நெருப்பையும் நீராவியையும் கவனிப்பவரே ஸ்டோக்கர். கப்பலில் இருந்தும் கடலைப் பார்க்க முடியாத வேலை அது. வெக்கையும் இரைச்சலுமே துணை.

1971 டிசம்பரில் போர் மூண்டபோது விக்ராந்தின் 4 பாய்லர்களில் ஒன்று விரிசல் கண்டிருந்தது. கப்பலால் முழு வேகத்தில் செல்ல இயலவில்லை. ஆயினும் அது வங்கக் கடலில் இறங்கிற்று. டிசம்பர் 4-ஆம் நாள் முதல் அதன் விமானங்கள் காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் தாக்கின. மேல்தளத்திலிருந்து விமானத்தை உந்தி எறிவது நீராவியின் சக்திதான். அந்த நீராவியைக் கொடுத்தவர்களுள் நம் தாத்தாவும் ஒருவர்.

"தாத்தா, சண்டையைப் பாத்தீங்களா?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். "ஏலே, நான் எங்கலே சண்டையப் பாத்தேன்? பாய்லரத்தான் பாத்தேன்" என்பார். பெருமை பேசி அவர் அறியார்.

அந்தப் போரில் 'காஸி' என்னும் பாகிஸ்தான் நீர்மூழ்கிக் கப்பல் விக்ராந்தைத் தேடி வந்தது. டிசம்பர் 3-ஆம் நாள் நள்ளிரவையொட்டி விசாகப்பட்டினத்தின் அருகே அது மூழ்கிற்று. அதிலிருந்த 90-க்கு மேற்பட்டோரில் ஒருவரும் பிழைக்கவில்லை. டிசம்பர் 9-ஆம் நாள் இரவு, டையூவுக்கு அப்பால், நமது 'குக்ரி' கப்பலைப் பாகிஸ்தானின் வேறொரு நீர்மூழ்கி தாக்கி மூழ்கடித்தது. 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் மாண்டனர். கப்பல் தலைவர் மகேந்திரநாத் முல்லா தம் கப்பலோடே போனார்.

நான் இப்பங்கிற்கு வந்த முதல் ஆண்டு, கல்லறைத் திருநாளுக்குப் பூசைக் கருத்துக் கொடுக்கத் தாத்தா வந்தார். 'குக்ரியில் இறந்தவர்களுக்காக, காஸியில் இறந்தவர்களுக்காக' என்று சீட்டில் எழுதியிருந்தார். பக்கத்தில் நின்ற இளைஞர் ஒருவர், "தாத்தா, காஸி உங்களக் கொல்ல வந்த கப்பல்லா?" என்று சற்றுக் கோபமாகவே கேட்டார்.

"ஆமாப்பா. அதுலயும் எஞ்சின் பக்கத்துல ஒருத்தன் வெக்கையில நின்னுருப்பான். அவனுக்கும் அழ ஒரு அம்மை இருந்திருப்பா. கல்லறைதான் இல்ல" என்றார் தாத்தா. இளைஞர் மறுமொழி சொல்லவில்லை.

அந்தச் சீட்டின் அடியில் இன்னும் பல பெயர்கள் இருந்தன. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் அடித்தபோது, கன்னியாகுமரிக் கடலோர மீனவர் பலர் கரை திரும்பாமற் போனதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். உடல் கிடைக்காத வீடுகளுக்குத் தாத்தா நடந்தே போய் உட்கார்ந்திருப்பாராம். அதிகம் பேசமாட்டாராம். 'நான் எந்தக் கல்லறையில் மெழுகுதிரி வைப்பேன்?' என்று அழுத ஒரு பெண்ணிடம், "என் சீட்டுல உன் மாப்பிள்ள பேரயும் எழுதிக்கிடுதேன் மக்ளே" என்றாராம். அவ்வாறே எழுதினார். ஆண்டுதோறும் எழுதினார். தம் பென்ஷன் பணத்திலிருந்து காணிக்கையும் கொடுத்தார்.

அன்புக்குரியவர்களே, பகைவரை நேசியுங்கள் என்று நான் இந்தப் பீடத்திலிருந்து பலமுறை பிரசங்கம் செய்திருக்கிறேன். அதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி என் கையில் கொடுத்தவர் அவர்.

சென்ற ஆண்டு அவரை நம் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தோம். அவருக்குப் பூ வைக்கவும் திரி ஏற்றவும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனால் அந்தச் சீட்டிலுள்ளவர்களுக்கு இனி யார்? வரும் நவம்பர் 2-ஆம் நாள் எவரும் எழுதிக் கொடுக்காவிட்டால், அந்தப் பெயர்கள் நம் கோவிலில் கேட்கப்படாமலே போகும்.

பேரப்பிள்ளைகளே, தாத்தாவின் பதக்கத்தைப் பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கிறீர்கள், மகிழ்ச்சி. அந்தச் சீட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பெயரையும் விடாமல் எழுதிக் கொண்டுவாருங்கள். அடியில் தாத்தாவின் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இறைவன் அவர்கள் அனைவருக்கும் இளைப்பாற்றியை அருள்வாராக.