அத்தாட்சியும் காலாவதியும்

அம்பிட்டியவில் எமது பாடசாலைக்குப் பிள்ளையைச் சேர்க்க வரும் பெற்றோர், பிறப்புச் சான்றிதழின் பிரதியில் சமாதான நீதவானின் ஒப்பமும் முத்திரையும் பெற்று வருவர். முத்திரை இட்டவர் நியமனம் பெற்றவர் என்பதை அறிந்தே யாம் அதனை ஏற்கிறோம்.

இணையத்திலும் இதுவே முறை. பாதுகாப்பான தளம் தன் சான்றிதழைக் காட்டும். அதில் ஒப்பமிட்ட நிறுவனம் தன் பட்டியலில் உண்டா என்று உலாவி பார்க்கும்.

அப்பட்டியலுக்கும் முதுமை உண்டு. கோடிக்கணக்கான தளங்களுக்கு இலவசமாய்ச் சான்றளிக்கும் 'லெட்ஸ் என்கிரிப்ட்' சார்ந்திருந்த பழைய மூலச் சான்றிதழ், 2021 செப்டெம்பர் 30ஆம் நாள் காலாவதியாயிற்று. புதிய மூலத்தை அறியாத பழங்கணினிகள் குற்றமற்ற தளங்களையும் ஐயுற்றன. பயர்பொக்ஸ் தனக்கெனப் பட்டியல் வைத்திருப்பதால், அதனைப் புதுப்பித்தாலே போதுமாயிருந்தது. குரோமோ விண்டோசின் பட்டியலையே அந்நாளில் நம்பியிருந்தது; சொந்தப் பட்டியலுக்கு அது மாறத் தொடங்கியது 2022இல். சபாரிக்கு அப்பிள் முறைமையையே புதுப்பித்தல் வேண்டும்.

எச்சரிக்கை தோன்றியதும், "பரவாயில்லை, தொடர்க" என்று அழுத்த மாணவருக்குக் கற்பிப்போரும் உளர். எனக்கு இது உடன்பாடன்று. வங்கியின் பெயரில் வஞ்சகன் நின்றாலும் தோன்றுவது இத்தகைய எச்சரிக்கையே. பழகிய விரல் அன்றும் அழுத்திவிடும்.

முதலில் கணினி காட்டும் திகதியைப் பாருங்கள். உள்ளிருக்கும் சிறு மின்கலம் ஓய்ந்தால் ஆண்டு பின்சென்று, நல்ல சான்றிதழும் இன்னும் நடைமுறைக்கு வராததாகத் தோன்றும். அதைத் திருத்திய பின் உலாவியையும் முறைமையையும் புதுப்பியுங்கள். அப்போதும் எச்சரிக்கை நீங்காவிடில், கடவுச்சொல்லை இடாது தளத்தை மூடிவிடுங்கள்.