தரை டிக்கெட்: சினிமா பார்க்கும் இடமும் சாதியும்



பண்டிதர் அயோத்திதாசர் நினைவாக நடக்கும் கூட்டத்தில் சினிமாவைப் பற்றியா பேசப் போகிறீர்கள் என்று ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்விதான். பண்டிதர் 1914 மே மாதம் மறைந்தார். அப்போது தமிழில் பேசும் படமே கிடையாது. ஆனால் 1907இல் அவர் தொடங்கிய வாரப் பத்திரிகையின் பெயரை நினைத்துப் பாருங்கள்: 'ஒரு பைசாத் தமிழன்'. விலையையே பெயராக வைத்தார். இந்தப் பத்திரிகை யார் கைக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதற்கான பதில் அந்தப் பெயரிலேயே இருக்கிறது. ஒரு படைப்பின் தரத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதன் விலையைப் பற்றியும், அதைப் பார்க்கவும் படிக்கவும் யாருக்கு இடம் இருக்கிறது என்பதைப் பற்றியும் பேச வேண்டும். அந்தப் பெயரிலிருந்து நான் எடுத்துக்கொண்ட பாடம் அதுதான்.

இப்போது எங்கே போனாலும் இரண்டு புலம்பல்களைக் கேட்கிறோம். ஒன்று, 'இப்ப வர்றதெல்லாம் ஒரு படமா? அந்தக் காலத்துப் படம் மாதிரி வருமா?' இன்னொன்று, 'எல்லாரும் வீட்லயே போன்ல பாத்துடுறாங்க, தியேட்டர் அவ்வளவுதான்.' இந்த இரண்டையும் நம் தெருவில் நின்றுகொண்டு கேட்டுப் பார்ப்போம்.

ஒரே கூரை

திருச்சியில் ரயில்வே வேலையில் இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905இல் படம் காட்டும் கருவி ஒன்றை வாங்கி ஊர் ஊராகக் கொண்டுபோனார். 1914இல் கோவையில் வெரைட்டி ஹால் என்ற நிலையான அரங்கைக் கட்டினார். 1931இல் 'காளிதாஸ்' வந்தது, தமிழ்ப்படம் பேசத் தொடங்கியது. இதெல்லாம் சினிமா வரலாற்றில் இருக்கிறது. இதோடு இன்னொரு தேதியையும் சேர்த்துப் படிக்க வேண்டும். மதுரை மீனாட்சி கோயிலுக்குள் நம்மவர்கள் நுழைந்தது 1939 ஜூலை 8ஆம் நாள். அதற்கு முன்பே காசு கொடுத்தால் சினிமா கொட்டகைக்குள் போக முடிந்தது.

ஈழத்துப் பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி 1981இல் தமிழ்ப்படத்தைப் பற்றி எழுதிய சிறு நூலில் இதைக் கவனித்துச் சொல்லியிருக்கிறார். தமிழர்கள் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்து பார்த்த முதல் கலை அரங்கு சினிமா கொட்டகைதான் என்றும், அங்கே யார் எங்கே உட்காருவது என்பதைப் பிறப்பு தீர்மானிக்கவில்லை, வாங்கும் சக்தி தீர்மானித்தது என்றும் அவர் எழுதினார். சமூகவியல் படிக்கும் மாணவர்கள் இந்தக் கருத்தைக் கட்டாயம் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நம் சமவெளியில் இதைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆத்தூர், நிலக்கோட்டை, வேடசந்தூர், நத்தம் பக்கத்துப் பெரியவர்களிடம் டூரிங் டாக்கீஸ் பற்றிக் கேளுங்கள். கீற்றுக் கொட்டகை. ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவில் ஒரு குட்டைச் சுவர். தரை டிக்கெட், பெஞ்சு டிக்கெட், சேர் டிக்கெட். முன்னால் இருப்பவர் தலை மறைக்கிறது என்று மணலைக் குவித்து மேடாக்கி உட்காருவார்கள். பின்னால் இருப்பவர் சத்தம் போடுவார். வெளியே டீக்கடையில் தனிக் குவளை. உள்ளே எல்லோருக்கும் அதே மணல்.

கொட்டகையைச் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. தரையில் உட்கார்ந்தவர்களில் பெரும்பாலோர் நாம்தான், ஏனென்றால் நம்மிடம் காசு இல்லை. காசு இல்லாததற்குக் காரணம் சாதி. ஆனால் காசு கிடைத்த அன்று பெஞ்சுக்குப் போகலாம், தடுக்க முடியாது. தோல் ஷாப்பில் வாரக் கூலி வாங்கிய இளைஞன் சனிக்கிழமை இரவு திண்டுக்கல் என்.வி.ஜி.பி.யில் சேர் டிக்கெட் எடுத்து, மிராசுதார் மகனுக்குப் பக்கத்தில் கால் மேல் கால் போட்டு உட்கார முடிந்தது. ஊருக்குள் அப்படி உட்கார முடியாது.

அந்தக் கூட்டத்துக்கு அரசியல் பலமும் இருந்தது. 1973 மே 11இல் 'உலகம் சுற்றும் வாலிபன்' வெளியானது. மே 20இல் திண்டுக்கல் நாடாளுமன்ற இடைத்தேர்தல். எம்.ஜி.ஆர் தொடங்கிய கட்சி முதன்முதலாக வென்ற தொகுதி இதுதான். தரை டிக்கெட்டில் உட்கார்ந்திருந்த ஏழைகள் ஏன் அந்த நிழலை நம்பினார்கள், அதில் எதைப் பெற்றார்கள், எதை இழந்தார்கள் என்று எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் ஆங்கிலத்தில் ஒரு நூலே எழுதினார். தரை டிக்கெட் கூட்டம் தமிழ்நாட்டு அரசியலைத் திருப்பிய கூட்டம் என்பதற்கு நம் ஊரே சாட்சி.

எந்தத் தரம்?

இனி முதல் புலம்பல். அந்தக் காலத்துப் படம் என்கிறார்களே, அந்தக் காலத்துப் படத்தில் நாம் எங்கே இருந்தோம்? 1935இல் கே.பி. சுந்தராம்பாள் நடித்த 'நந்தனார்', 1942இல் ஜெமினி எடுத்த 'நந்தனார்'. பாட்டு உயர்ந்தது, நடிப்பு உயர்ந்தது. நந்தனோ தீயில் இறங்கித்தான் தில்லைக்குள் போக முடிந்தது.

பக்கத்தில் வாருங்கள். 1992இல் 'சின்ன கவுண்டர்', 'தேவர் மகன்'. 1993இல் 'எஜமான்'. 1994இல் 'நாட்டாமை'. 'தேவர் மகன்' சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது பெற்றது. ஒளிப்பதிவு, திரைக்கதை, நடிப்பு என்று எதை எடுத்தாலும் பாடமாக வைக்கலாம். ஆனால் கிராமம் என்றால் ஒரு பெரிய வீடு, ஒரு பெரிய மனிதர், அவர் சொல்லுக்குக் கட்டுப்பட்ட மக்கள் என்று ஒரு தலைமுறைக்குச் சொல்லிக் கொடுத்தவை இந்தப் படங்கள்தான். அந்த மக்களில் நாம் கைகட்டி நின்றோம், அல்லது காட்சியிலேயே இல்லை. தரம் குறைந்துவிட்டது என்கிறவரிடம் நாம் கேட்க வேண்டியது இதுதான்: அளவுகோல் யார் கையில் இருக்கிறது?

என் அளவுகோலில் ஒரு படம் யாரை முழு மனிதராகக் காட்டுகிறது என்பதும் தரத்தில் சேரும். அப்படிப் பார்த்தால் 2012இல் 'அட்டகத்தி' தொடங்கி 'மெட்ராஸ்', 'பரியேறும் பெருமாள்', 'காலா', பூமணியின் 'வெக்கை' நாவலிலிருந்து வந்த 'அசுரன்', 'கர்ணன்' வரை தமிழ் சினிமாவின் தரம் உயர்ந்திருக்கிறது. நம் வீடு, நம் சுவரில் அண்ணலின் படம், நம் சாப்பாடு, நம் சிரிப்பு எல்லாம் திரைக்கு வந்தது இப்போதுதான்.

இதோடு திருப்தி அடைந்துவிடவும் கூடாது. ஆணவக் கொலையை வைத்தால் படம் ஓடும் என்று கணக்குப் போடுகிறவர்களும் வந்துவிட்டார்கள். நம் பெண்கள் இன்னும் அழுகிறவர்களாகவும் சாகிறவர்களாகவுமே அதிகம் வருகிறார்கள். அருந்ததியர் தெருவின் கதை, புதிரை வண்ணாரின் கதை எத்தனை வந்திருக்கிறது? திண்டுக்கல்லின் தோல் தொழிலும் துப்புரவுப் பணியும் யார் உடம்பில் நடக்கிறது என்று தெரிந்த நாம் இதைக் கேட்டே ஆக வேண்டும்.

வீட்டுக்குள் வந்த சினிமா

இரண்டாவது புலம்பல். வீட்டில் பார்ப்பது என்று ஏதோ நேற்று வந்த மாதிரிப் பேசுகிறார்கள். 80களில் டெக் வந்தது. திருவிழா, காதுகுத்து, சடங்கு என்றால் வீட்டுக்கு இவ்வளவு என்று வரி போட்டு, டவுனிலிருந்து டிவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, விடிய விடிய நாலு படம். நம் பக்கத்தில் அதை வீட்டில் பார்த்தது என்று சொல்லக்கூடாது. ஒற்றை அறை வீட்டில் எத்தனை பேர் உட்கார முடியும்? தெருவில்தான் பார்த்தோம். பிறகு பஞ்சாயத்து டிவி வந்தது. அது பெரும்பாலும் ஊர்ப் பக்கக் கட்டடத்தில் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்த பிள்ளைகள் யார் என்று இந்த அவைக்கு விளக்க வேண்டியதில்லை. 1993இல் சன் டிவி. 2006க்குப் பிறகு அரசு கொடுத்த வண்ணத் தொலைக்காட்சி. இலவசம் என்று கேலி செய்தார்கள். ஜன்னலுக்கு வெளியே நின்ற பிள்ளைக்கு அது சொந்த வீட்டில், சொந்தக் கையில் ரிமோட்.

இப்போது போன். 2020 மார்ச்சில் தியேட்டர்கள் மூடின. மே மாதம் 'பொன்மகள் வந்தாள்' நேராக அமேசான் பிரைமில் வந்தபோது தியேட்டர்காரர்கள் கொதித்தார்கள். 2021 ஜனவரியில் 'மாஸ்டர்' தியேட்டரில் வந்து 16 நாளில் போனுக்கு வந்துவிட்டது. இன்று நான்கு வாரம் பொறுத்தால் போதும் என்று மக்கள் இருக்கிறார்கள். எட்டு வாரமாவது வேண்டும் என்று உரிமையாளர்கள் கேட்கிறார்கள். அவர்களுடைய நஷ்டம் உண்மைதான். சைக்கிள் ஸ்டாண்டுக்காரர், கேன்டீன்காரர், ஆபரேட்டர் என்று பலருடைய பிழைப்பு போனதும் உண்மைதான். மதுரையில் 1952இல் 'பராசக்தி'யோடு திறந்த, 2,500 பேருக்கு மேல் உட்காரக்கூடிய தங்கம் தியேட்டர் இருந்த இடத்தில் இன்று ஜவுளிக்கடை.

ஆனால் தியேட்டர் கதவு எல்லாப் படத்துக்கும் திறந்திருந்ததா? ஜப்பார் பட்டேல் இயக்கத்தில் மம்மூட்டி அண்ணலாக நடித்த படம் 2000இல் வந்தது. தமிழில் திரைக்கு வந்தது 2010 டிசம்பரில். அதற்கும் உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. மலம் அள்ளும் தொழிலாளர்களைப் பற்றித் திவ்யபாரதி எடுத்த 'கக்கூஸ்' ஆவணப்படத்தை 2017இல் அரங்கக் கூட்டங்களில் திரையிடவே காவல்துறை தடை போட்டது. யூடியூபில் ஏற்றிய பிறகுதான் மக்கள் பார்த்தார்கள். புதிரை வண்ணார் பெண்ணைப் பற்றிய லீனா மணிமேகலையின் 'மாடத்தி' 2021இல் இணையத் தளத்தில்தான் வந்தது. 'ஜெய் பீம்' அப்படித்தான். மதுரைப் பக்கத்து வறண்ட நிலத்தில் எடுத்து ராட்டர்டாமில் புலி விருது வாங்கிய 'கூழாங்கல்'லும் அப்படித்தான். அந்த இயக்குநர் வினோத்ராஜ் சென்னையில் டிவிடி கடையில் வேலை பார்த்து உலகப் படங்களைப் பார்த்தவர். வீட்டுச் சினிமா நம்மை மாதிரி ஆட்களுக்குத் திரைப்படக் கல்லூரியாகவும் இருந்திருக்கிறது. ஆகவே போனைத் திட்ட நான் தயாராக இல்லை.

எது போய்விட்டது?

அப்படியென்றால் கவலைப்பட ஒன்றுமில்லையா? இருக்கிறது. போனது தரை டிக்கெட்.

சென்னையின் பெரிய மல்டிபிளக்ஸ்களில்கூட முன்வரிசைக்கு 10 ரூபாய் டிக்கெட் வைக்க வேண்டும் என்று ஒரு காலத்தில் அரசு விதித்திருந்தது. இன்று கணக்குப் போடுங்கள். நூறு நாள் வேலைக்கு 2025-26இல் தமிழ்நாட்டுக்கு அறிவித்த நாள் கூலி 336 ரூபாய். டிக்கெட் 150 ரூபாய் என்று வைத்தால் நாலு பேர் குடும்பத்துக்கு 600 ரூபாய். பஸ்சும் பாப்கார்னும் சேர்க்காமலே கிட்டத்தட்ட இரண்டு நாள் கூலி. இந்தக் குடும்பம் சோம்பேறித்தனத்தால் போனில் பார்க்கவில்லை. தியேட்டர் முதலில் அவர்களை வெளியே அனுப்பியது, பிறகு போன் உள்ளே வந்தது.

காசு இருந்தாலும் எல்லோருக்கும் கதவு திறக்கிறதா? 2023 மார்ச் 30 அன்று சென்னைக் கோயம்பேடு பக்கத்துத் திரையரங்கு ஒன்றில் கையில் டிக்கெட்டோடு வந்த நரிக்குறவர் குடும்பத்தை வாசலில் நிறுத்தினார்கள். வீடியோ பரவிய பிறகு உள்ளே விட்டார்கள். குழந்தைகளோடு வந்ததால் தணிக்கைச் சான்றிதழைப் பார்த்து நிறுத்தினோம் என்று நிர்வாகம் விளக்கம் சொன்னது. வாங்கும் சக்திதான் இடத்தைத் தீர்மானிக்கும் என்ற சிவத்தம்பியின் கருத்தையே அந்த வாசலில் நிறுத்திவிட்டார்கள்.

இதில் நாம் இழப்பது என்ன? 'பரியேறும் பெருமாள்' 2018இல் தியேட்டரில் ஓடியது. ஊர்ப் பையனும் சேரிப் பையனும் ஒரே இருட்டில் அதைப் பார்த்தார்கள். எங்கே கைதட்டல் விழுகிறது, எங்கே அமைதி விழுகிறது என்று இருவரும் கேட்டார்கள். பரியன் அவமானப்படும்போது பக்கத்து சீட்டில் ஒருவன் மூச்சை அடக்குவதைக் கேட்பது ஒரு படிப்பு. 'ஜெய் பீம்' படத்தை நம் பிள்ளைகள் போனில் பார்த்து அழுதார்கள். அதைப் பார்த்தே ஆக வேண்டியவன் தன் போனில் ஒரு விரலால் தள்ளிவிட்டுப் போக முடிந்தது. அவனுக்குப் பிடித்ததையே அந்தப் போன் அவனுக்கு மேலும் மேலும் காட்டும். அவன் தெருவுக்கு ஒரு சினிமா, நம் தெருவுக்கு ஒரு சினிமா. ஊரும் சேரியும் மறுபடியும் தனித்தனியாகப் படம் பார்க்கத் தொடங்கிவிட்டன. என் கவலை இதுதான்.

நாம் செய்ய வேண்டியது

மாணவர்களுக்கு மூன்று வேலைகள் சொல்லி முடிக்கிறேன்.

முதலாவது, தரை டிக்கெட்டைத் திரும்பக் கேளுங்கள். 2025 செப்டம்பர் முதல் 100 ரூபாய் வரையிலான டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம். வரியைக் குறைத்தாகிவிட்டது. ஒவ்வொரு காட்சியிலும் குறைந்த விலை இருக்கைகள் இத்தனை என்று அரசு உறுதி செய்ய வேண்டும். இதை ரசிகர் மன்றம் கேட்காது. நாம்தான் கேட்க வேண்டும்.

இரண்டாவது, திரையிடுங்கள். ஒரு புரொஜக்டர், ஒரு வெள்ளை வேட்டி போதும். இரவுப் பள்ளி, நூலகம், சமுதாயக் கூடம் எதுவானாலும் சரி. படைப்பாளியிடம் முறையாக அனுமதி கேளுங்கள். வீட்டுச் சந்தாவை வைத்துப் பொதுவில் காட்டக்கூடாது. நம் தெருவில் மட்டும் காட்டாதீர்கள். ஊரும் சேரியும் சேர்ந்து வரக்கூடிய இடத்தைத் தேடுங்கள். அப்படி ஓர் இடம் உங்கள் கிராமத்தில் இல்லை என்று தெரிந்தால் அதுவே உங்கள் ஆய்வின் முதல் முடிவு.

மூன்றாவது, எழுதிவையுங்கள். டூரிங் கொட்டகையில் படம் ஓட்டியவர்கள், டிக்கெட் கிழித்தவர்கள், முறுக்கு விற்றவர்கள் நம் தாலுகாக்களில் இன்னும் இருக்கிறார்கள். டிக்கெட் எவ்வளவு, யார் எங்கே உட்கார்ந்தார்கள், யாரோடு சண்டை வந்தது, பெண்கள் பக்கத்தில் என்ன பேசினார்கள் என்று கேளுங்கள். நம் மக்கள் சினிமா பார்த்த வரலாற்றை நாம் எழுதாவிட்டால் நாயகர்களின் வரலாறு மட்டும்தான் மிஞ்சும்.

நல்ல படம் வந்துகொண்டுதான் இருக்கிறது, இனியும் வரும். அதை யார் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கப் போகிறோம் என்பதுதான் நாம் போராடி வாங்க வேண்டியது. பண்டிதர் ஒரு பைசாவுக்குப் பத்திரிகை தந்தார். நமக்கு ஒரு தரை டிக்கெட்டாவது வேண்டும்.