சிறு படகு காக்கும் பெருவழி



திருவனந்தபுரத்தில் வாழும் தமிழ் மக்கள் சாலைக் கடைத்தெருவை அறியாதிருத்தல் இயலாது. தமிழ் வணிகர் பலர் தலைமுறை தலைமுறையாக அங்கே கடை நடத்தி வந்துள்ளனர். ஆயினும், அக்கடைத்தெருவுக்கு ஒரு காலத்தில் சரக்கு நீர்வழியாகவும் வந்தது என்பதை இளையோர் பலர் அறியார். வள்ளக்கடவு என்னும் பெயரே அதற்குச் சான்று. வள்ளம் வந்து அணையும் துறை என்பது அதன் பொருள்.

கௌரி பார்வதி பாய் அரசியார் 1815 முதல் 1829 வரை ஆட்சிப் பொறுப்பை வகித்தார். அக்காலத்தில், வள்ளக்கடவையும் கடினங்குளம் காயலையும் இணைக்கும் பார்வதி புத்தனாறு வெட்டப்பெற்றது. வடக்கே வர்க்கலைக் குன்று வழிமறித்து நின்றது. பயணிகள் அங்கே இறங்கி, குன்றைக் கடந்து, மறுபுறம் வேறு வள்ளம் ஏறினர். 1880ஆம் ஆண்டளவில் இரண்டு சுரங்கங்கள் குடையப்பெற்று அத்தடை நீங்கியது. 1918இல் கொல்லத்திலிருந்து புகைவண்டி வந்தது. பின்னர் லாரிகளும் பெருகின. நீர்வழி சிறுகச் சிறுகக் கைவிடப்பட்டது. சுமை ஏற்றிய கெட்டுவள்ளங்களுள் சில ஆலப்புழைப் பகுதியில் உல்லாசப் படகுகளாக உருமாறின, பல மறைந்தன.

இங்கிலாந்தின் வின்டர்மியர் ஏரிக்கரையில் பழைய நீராவிப் படகுகளுக்கென ஓர் அருங்காட்சியகம் உண்டு. புதுப்பிக்கப்பெற்று 2019இல் மீண்டும் திறக்கப்பட்டது. அங்குள்ள டாலி என்னும் படகு 1850இல் கட்டப்பெற்றது. 1895இல் மூழ்கி, 1962இல் நீருக்கடியிலிருந்து மீட்கப்பெற்றது. அது சேற்றில் கிடந்தமையால் பிழைத்தது. நம் வள்ளங்களுக்கு அத்தகைய நற்பேறு எளிதில் வாய்ப்பதில்லை. ஆனால் அவற்றின் வடிவையேனும் நாம் காத்தல் கூடும். அதற்குரிய வழியே மாதிரிப் படகு.

கெட்டுவள்ளத்தில் ஆணி இல்லை; அயினிப் பலகைகளைக் கயிற்றால் தைத்து இணைப்பர். இருபது மீட்டர் நீளமும், சரக்குடன் முப்பது டன் எடையும் உள்ள வள்ளம் ஒன்றைக் கருதுவோம். அதை இருபதில் ஒரு பங்காகச் செய்தால் நீளம் ஒரு மீட்டர். எடையோ இருபதில் ஒரு பங்கன்று; எண்ணாயிரத்தில் ஒரு பங்கு, அதாவது மூன்றே முக்கால் கிலோ. நீளம், அகலம், ஆழம் மூன்றும் குறைவதே காரணம். எடை இதனினும் குறைந்தால் படகு தக்கைபோல் ஆடும். மிகுந்தால் விளிம்புவரை அமிழும். வேகத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. அலைகள் பெரிய படகில் எழுவதுபோலவே எழ வேண்டுமானால், இம்மாதிரி ஏறக்குறைய நாலரையில் ஒரு பங்கு வேகத்தில் செல்ல வேண்டும். வில்லியம் ஃபிரவுட் என்னும் பொறியியலறிஞர் 1870களில் இம்முறையை நிலைநாட்டினார். கப்பல் கட்டுவோர் இன்றும் மாதிரியை நீர்த்தொட்டியில் இழுத்தே சோதிக்கின்றனர்.

ஆகவே, அளவுடன் செய்த மாதிரி வெறும் விளையாட்டுப் பொருளன்று. மீண்டும் ஒரு வள்ளம் கட்டுதற்கு உதவும் ஆவணமுமாகும்.

தென்புறத்தே மற்றொரு பாடம் கிடக்கிறது. திருவனந்தபுரத்தையும் கன்னியாகுமரியையும் இணைக்க 1860இல் தொடங்கப்பெற்ற அனந்த விக்டோரியா மார்த்தாண்டம் கால்வாய் முற்றுப்பெறவே இல்லை. அதன் துண்டுகள் இன்று குமரி மாவட்டத்தில் தூர்ந்து கிடக்கின்றன. பார்வதி புத்தனாற்றைத் தூய்மை செய்யும் முயற்சிகளோ அண்மை ஆண்டுகளில் நடைபெற்றுள்ளன. வழி திரும்பக்கூடும், வள்ளம் தைக்கும் கை திரும்புமா என்பதே கேள்வி.

காயற்கரையில் பழைய வள்ளம் ஒன்றைக் கண்டால், குழந்தைகளுடன் சென்று அதன் நீள அகலங்களை அளந்து எழுதி வையுங்கள். தைக்கத் தெரிந்த முதியவர் இருப்பின், முடிச்சிடும் முறையைக் கேட்டறியுங்கள். பின்னர் விடுமுறை நாளில் ஒரு சிறு படகு செய்து நீரில் விடுங்கள். அது மிதக்கும், உடன் ஓர் அறிவும் மிதக்கும்.